பூ தைத்த சடையும் நிலைக்கண்ணாடியும்: மதுரை ஸ்டூடியோக்களில் பூவைப் படமெடுத்த கதை

பின்னலின் மேல் மல்லிகை மொட்டை வரிசை வரிசையாகத் தைத்து, பட்டு உடுத்தி, நகை பூட்டிய பெண்ணை நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, முகமும் முதுகில் தொங்கும் சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பது பூச்சடைப் படம். மதுரையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இதைப் ‘பூ தைச்சு போட்டோ எடுக்கிறது’ என்பார்கள். கோடை விடுமுறையில் சிறுமிக்கு, சடங்கு கழித்த பெண்ணுக்கு, வளைகாப்பு முடிந்த கர்ப்பிணிக்கு என்று பெண்ணின் வாழ்வில் இரண்டு மூன்று தடவையாவது இந்தப் படம் எடுக்கப்படும். வழக்கம் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவானது. மல்லிகை விளையும் சமவெளியின் நடுவில் இருப்பதால் மதுரையில் அதற்குப் பூவுக்கும் தட்டுப்பாடு இல்லை, தைக்கத் தெரிந்த கைகளுக்கும் தட்டுப்பாடு இல்லை.

இதைக் குடும்பப் படம் என்று மட்டும் பார்த்தால் பாதி விஷயம் விட்டுப்போகும். தோட்டத்துப் பூவை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்து, வெளிச்சத்தை அடக்கி, ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரியும்படி படத்தில் பதிக்கும் வேலை இது. அருகில் இருப்பதும் தள்ளி இருப்பதும் ஒரே படத்தில் ஒரே தெளிவோடு விழவேண்டும் என்பது அதன் கட்டாயம். ஒரே பூவைப் பல தூரங்களுக்கு ஃபோகஸ் வைத்துப் பல படங்களாக எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் கணினியில் சேர்த்து ஒரு படமாக்கும் ‘ஃபோகஸ் ஸ்டாக்கிங்’ முறை இன்று தீர்க்கும் சிக்கலும் அதுவே. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே, கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்து நின்ற ஸ்டூடியோக்காரர்கள் அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள்.

மதுரையின் பூ வணிகம் மிகப் பழையது. மதுரைக்காஞ்சி சொல்லும் நாளங்காடியிலேயே பூ விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்று மாட்டுத்தாவணியில் இருக்கும் மலர்ச் சந்தைக்குத் திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருப்பரங்குன்றம் பக்கங்களிலிருந்து பூ வருகிறது, நிலக்கோட்டையிலிருந்தும் வருகிறது. தாவரவியலில் இந்த மல்லிகை ஜாஸ்மினம் சம்பக், ஊர்ப்பேச்சில் குண்டுமல்லி. செடிக்கான நாற்று பெரும்பாலும் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்துப் பதியங்களிலிருந்து வருவது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழும் நீண்ட காம்பும் சீக்கிரம் வாடாத தன்மையும் அதன் அடையாளங்கள். தைப்பதற்கு இந்த மூன்றுமே வேண்டியவை: காம்பு நீளமாக இருந்தால் ஊசி பிடிக்கும், இதழ் தடிப்பாக இருந்தால் நூல் இழுக்கும்போது கிழியாது.

கார்த்திகை மார்கழியில் செடியைக் கவாத்து செய்தால் மாசி பங்குனியில் பூக்கத் தொடங்கும். சித்திரை வைகாசியில் வரத்து பெருகி விலை இறங்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, முகூர்த்த நாட்களில் ஏழை வீடுகளுக்கு எட்டாத விலைக்குப் போகும் பூ, கோடையில் சடை முழுக்கத் தைக்கும் அளவுக்கு மலிந்துவிடும். பூச்சடைப் படம் கோடைக்காலத்து வழக்கமாக அமைந்ததற்கு இந்த விலைதான் காரணம்.

தைக்கும் முறையையும் சற்று அருகில் பார்க்கவேண்டும், ஏனென்றால் படத்தில் தெரிவது அந்தக் கைவேலைதான். விடிகாலையில் பறித்த மொட்டில் விரியாதவற்றை, ஒரே அளவானவற்றைப் பிரித்தெடுப்பார்கள். வாழைமட்டையைச் சடையின் நீளத்துக்கு வெட்டி, அதன் மேல் மொட்டின் நுனி வெளியே பார்க்கும்படி அடுக்கி ஊசிநூலால் தைப்பார்கள். பிற்காலத்தில் மட்டைக்குப் பதில் அட்டை வந்தது. இரண்டு வரிசை மல்லிகைக்கு இடையில் ஒரு வரிசை கனகாம்பரம், ஓரத்தில் மரிக்கொழுந்து, உச்சியில் வட்டமாக ஒரு ரோஜாவோ செவ்வந்தியோ. தாழம்பூ கிடைக்கும் நாளில் அதன் மடலைக் கிழித்து, மடித்து, மல்லிகைக்கு நடுவே கட்டம் கட்டமாகச் செருகுவார்கள். தலையில் ராக்கொடி, பின்னல் நெடுக ஜடைநாகம், நுனியில் குஞ்சம். சிலர் மட்டையே இல்லாமல் பின்னல் மேலேயே தைத்துவிடுவார்கள். அதற்குப் பெண் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டும்.

குண்டுமல்லி மொட்டு மாலை மங்கும் நேரத்தில் விரியத் தொடங்கும். விரிந்துவிட்டால் நேர்வரிசை கலைந்து, கட்டமும் கோலமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே தைத்து முடித்த சடை படத்துக்குத் தயாராக இருப்பது நடுப்பகலிலிருந்து சாயங்காலம் வரைதான். அந்தச் சில மணிநேரத்துக்குள் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேரவேண்டும். பூவே வைத்த கெடு அது.

கேமரா மதுரைக்கு வந்தது பூவுக்காக அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டு 1858இல் மதுரையை எடுத்தார். மீனாட்சி அம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோவில் எல்லாம் அந்தத் தொகுப்பில் உண்டு. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில், நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைத்து எடுத்த படங்கள் அவை. அவ்வளவு நேரம் அசையாதிருக்கக் கல்லால்தான் முடியும். காற்றில் ஆடும் பூவால் முடியாது. அடுத்த பத்தாண்டில் வந்த எட்மண்ட் லயன் கண்ணாடித் தட்டில் ஈரக் கொலோடியன் பூசி எடுத்தார். அவர் நோக்கமும் கட்டடக்கலைதான். அதே காலத்தில் சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் புகைப்படமும் கற்பிக்கப்பட்டது. அரசுப் பணிக்கும் வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்கும் உரியதாக இருந்த கலை மெல்லத் தொழிலாகத் தொடங்கியது அங்கேதான்.

தொழில் பரவக் காரணமானது ரிச்சர்ட் மேடாக்ஸ் 1871இல் வெளியிட்ட ஜெலட்டின் உலர்தட்டு. அதற்கு முன்பு ஈரம் காயுமுன் தட்டை எடுத்துக் கழுவவேண்டும். புகைப்படக்காரர் வேதியியல் கூடத்தையே தூக்கிக்கொண்டு அலையவேண்டும். உலர்தட்டைப் பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்ளலாம், எடுத்த பிறகு ஆற அமரக் கழுவலாம். 1875இல் மதுரைக்கு ரயில் வந்துவிட்டது. சென்னையில் இறங்கிய தட்டும் மருந்தும் இங்கே வந்து சேர்வது எளிதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் ஊர்களில் ஸ்டூடியோ முளைத்தது இப்படித்தான். கூரையின் ஒரு சரிவில் கண்ணாடி பதித்து வெயிலைத் துணித்திரையால் மட்டுப்படுத்திய அறை, பின்னால் தூணும் தோட்டமும் தீட்டிய சீன், நாற்காலி, சிறு மேஜை, பூச்சாடி. நிலைக்கண்ணாடியும் அந்தத் தட்டுமுட்டுகளில் ஒன்றாக வந்து சேர்ந்தது.

பூச்சடையை எடுக்க முனைந்தவருக்கு முதல் தடை நிறத்தில் இருந்தது. ஆரம்பகால உலர்தட்டுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே தெரியும். ஹெர்மன் ஃபோகல் 1873இல் சாயம் சேர்த்துத் தட்டின் பார்வையை விரிக்கலாம் என்று கண்டறிந்தபின் வந்த ஆர்த்தோகுரோமாடிக் தட்டுக்குப் பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. சிவப்பு மட்டும் தெரியவில்லை. இந்தத் தட்டில் மல்லிகை பளிச்சென்று விழும். கனகாம்பரம் மங்கிக் கறுத்து, கூந்தலோடு கூந்தலாகக் கலந்துவிடும். சிவப்பு ரோஜா கருப்பு உருண்டையாகும். இரண்டு வரிசை மல்லிகைக்கு நடுவே கனகாம்பரம் வைத்துத் தைத்த சடை, படத்தில் நடுவே இடைவெளி விட்டுத் தைத்ததுபோல இருக்கும். பழைய பூச்சடைப் படத்தைப் பார்த்து ‘அந்தக் காலத்தில் வெறும் மல்லிகைதான் வைத்தார்கள்’ என்று முடிவுகட்டுவது தவறாகப் போகலாம். எல்லா நிறத்தையும் காணும் பான்குரோமாடிக் தட்டு 1906இல் லண்டனில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதை முழு இருட்டில்தான் கழுவவேண்டும். ஆர்த்தோ தட்டைச் சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழுவலாம். அந்த வசதிக்காகவே பல ஸ்டூடியோக்கள் பழைய தட்டை நெடுங்காலம் விடவில்லை.

இரண்டாவது தடை வெண்மையும் கருமையும் ஒட்டி நிற்பது. எண்ணெய் தடவி வாரிய கருங்கூந்தலின் மேல் தூய வெள்ளை மொட்டு. கூந்தலின் இழை தெரிய வெளிச்சம் கூட்டினால் மொட்டெல்லாம் ஒட்டி ஒரே வெள்ளைப் பட்டையாகிவிடும். மொட்டுக்கு அளந்தால் தலை கரித்துண்டாகிவிடும். பக்கவாட்டிலிருந்து மெல்லிய வெளிச்சம் விட்டு, மொட்டுக்கும் மொட்டுக்கும் இடையே ஒரு கீற்று நிழல் விழச்செய்வதுதான் வழி. ஒவ்வொரு மொட்டையும் பிரித்துக் காட்டுவது அந்த நிழல்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது ஃபோகஸ் சிக்கல். கண்ணாடியில் தெரியும் பிம்பம் கண்ணாடியின் பரப்பில் இல்லை. பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். லென்ஸும் அப்படித்தான் காணும். பெண்ணின் முகம் கேமராவிலிருந்து ஆறடி தூரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். அவளுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டடி தள்ளிக் கண்ணாடி. சடையிலிருந்து புறப்படும் ஒளி பின்னோக்கிக் கண்ணாடிக்குப் போய், திரும்பி, அவளைத் தாண்டி லென்ஸுக்கு வரவேண்டும். கணக்குப் பார்த்தால் சடையின் பிம்பம் ஏறத்தாழ பத்தடி தூரத்தில் நிற்கிறது. தலையோடு ஒட்டிக்கிடக்கும் சடைக்கும் முகத்துக்கும் படத்தில் நான்கடி இடைவெளி வந்துவிடுகிறது. முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் மல்லிகை பஞ்சாகிவிடும். சடைக்கு வைத்தால் முகம் கலங்கிவிடும்.

தேர்ந்தவர்கள் இரண்டுக்கும் நடுவில் ஃபோகஸ் வைத்து, லென்ஸின் துவாரத்தைக் குறுக்கினார்கள். நடு என்றால் எட்டடி என்று தோன்றும். ஒளியியல் கணக்கில் அது ஏழரை அடி. தெளிவாக விழும் ஆழம் ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருப்பதால், முகத்தின் பக்கமாகச் சற்று நெருங்கி வைக்கவேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போடவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. கேமராவின் பின்னால் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் பிம்பம் தலைகீழாக விழும். அதில் பூதக்கண்ணாடி வைத்து, மூக்குத்தியையும் சடையின் நடு மொட்டையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒரே அளவு மங்கும் இடத்தில் நிறுத்தி, பிறகு துவாரத்தைக் குறுக்குவார்கள். ஆறு அங்குல லென்ஸில் ஆறடி முதல் பத்தடி வரை தெளிவு வேண்டுமானால் துவாரத்தை எஃப் 22 அளவுக்கோ அதைவிடச் சிறிதாகவோ குறுக்கவேண்டியிருக்கும். எஃப் 8இல் ஒரு நொடி போதும் என்றால் எஃப் 22இல் எட்டு நொடி ஆகும். நாற்காலியில் சாய்ந்து, மேஜையில் கை ஊன்றி, சிரிப்பில்லாமல் இருக்கும் அந்தப் பழைய இருப்புக்கு நாணம் மட்டும் காரணமில்லை. எட்டு நொடி சிரித்த முகத்தோடு அசையாமலிருப்பது சிறுமியால் ஆகிற காரியமில்லை.

கண்ணாடியை நிறுத்தும் கோணமும் ஒரு தொழில்நுட்பம். பெண்ணுக்கு நேர்பின்னால் வைத்தால் அவள் உடலே பிம்பத்தை மறைக்கும். கேமராவும் கருப்புத் துணியும் கண்ணாடியில் விழும். பக்கவாட்டில் தள்ளி, சாய்த்து வைத்து, பெண்ணின் தோளைக் கால்பங்கு திருப்பி, சடையை முதுகின் நடுவே நேராகத் தொங்கவிடவேண்டும். சில ஸ்டூடியோக்களில் இதையே மாற்றிச் செய்தார்கள்: சடை கேமராவை நேராகப் பார்க்கும், முகம் கண்ணாடியில் தெரியும். அப்படி எடுத்ததில் தைத்த வேலை இன்னும் பெரிதாக, இன்னும் தெளிவாக விழும். பூவுக்கு முதலிடம் கொடுத்த படங்கள் அவையே.

ஐரோப்பாவில் இதே காலத்தில் ஃபோகஸ் ஆழத்தை வேறு வழியில் வென்றார்கள். தியோடர் ஷைம்ஃப்ளூக் 1904இல் பதிவுசெய்த விதிப்படி, லென்ஸையோ தட்டையோ சாய்த்தால் தெளிவாக விழும் தளமும் சாயும். பெல்லோஸ் கேமராவின் சாய்வுகளை வைத்து ஒரு கிளையை அடிமுதல் நுனிவரை தெளிவாக எடுக்கமுடிந்தது. செடியின் மொட்டையும் விதையையும் பல மடங்கு பெரிதாக்கி எடுத்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட்டின் நூல் 1928இல் பெர்லினில் வெளிவந்து, பூவை ஸ்டூடியோவில் எடுப்பதைத் தனிக் கலையாகவே நிலைநிறுத்தியது. தமிழ் ஸ்டூடியோக்களில் பூ தனியாகப் படமாகவில்லை. அது எப்போதும் ஒரு பெண்ணின் தலையில் இருந்தது. இந்த வேறுபாட்டைக் குறையாகக் கருதத் தேவையில்லை. இங்கே பூவின் இடமே அதுதான்.

பூவை மட்டும் தனியாக, முழுத் தெளிவோடு காட்டும் வேலையை இந்த மாகாணத்தில் ஓவியர்கள் செய்துவந்தார்கள். சென்னையில் பணிபுரிந்த மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படநூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இருவர். ஓவியர் முதலில் இதழைப் பார்க்கிறார், வரைகிறார், பிறகு மகரந்தத்தைப் பார்க்கிறார், வரைகிறார், பிறகு காம்பு. கண் ஒவ்வொரு தூரத்துக்கும் தனித்தனியாகத் தெளிவுகொள்ள, கை அவற்றை ஒரே தாளில் சேர்க்கிறது. ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்வது இதைத்தான். ஒரே நோக்கில் ஒரே தூரத்தைத்தான் தெளிவாகக் காணமுடியும் என்பது கண்ணுக்கும் லென்ஸுக்கும் பொது. பல நோக்கைச் சேர்க்கும் வசதி ஓவியருக்கு இருந்தது, கேமராவுக்கு இல்லை.

ஓவியத்துக்கும் ஸ்டூடியோவுக்கும் மதுரைச் சீமையில் நெருங்கிய உறவு இருந்தது. நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் தீட்டியவர்களே ஸ்டூடியோவுக்கும் பின்திரை தீட்டினார்கள். சீன் தீட்டித் தொடங்கி, கோவில்பட்டியில் நிலைகொண்டு, சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் சாமிப் படங்கள் வரைந்துகொடுத்த சி. கொண்டையராஜு (1898–1976) அந்தத் தலைமுறையின் பெரிய பெயர். அந்தக் காலண்டர் மரபில் மாலையின் ஒவ்வொரு பூவும், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும், ஒரே கூர்மையோடு தெரியும். பூ என்றால் இப்படித்தான் தெரியவேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் காலண்டருக்குப் பங்குண்டு.

அந்த எதிர்பார்ப்பை லென்ஸ் நிறைவேற்றாத இடத்தில் கை நிறைவேற்றியது. அதற்கு ஸ்டூடியோ மொழியில் ‘டச்சிங்’ என்று பெயர். நெகட்டிவைச் சாய்மேஜையில் பொருத்தி, கீழிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தின் வடுக்களை மறைப்பது டச்சிங்கின் முதல் வேலை. சடையில் கலங்கிப்போன மொட்டுகளுக்கு ஓரம் கட்டுவதும் அதே பென்சில்தான். நெகட்டிவில் கருப்பு ஏற்றினால் பிரிண்டில் வெள்ளையாகும் என்பதால், மொட்டின் நுனியில் ஒரு புள்ளி வைத்தால் படத்தில் அது மினுங்கும். பிரிண்ட் போட்டபின் வண்ணம் தீட்டுவது இன்னொரு கூலி. ஆர்த்தோ தட்டு விழுங்கிய கனகாம்பரம் இந்தக் கட்டத்தில்தான் செம்மஞ்சளாகத் திரும்பி வரும். டச்சிங்காரர் சடையைத் தைத்தவரைப் போலவே வரிசை எண்ணி வேலை செய்யவேண்டியிருந்தது. படத்தில் அவர் பெயர் எங்கும் இருக்காது.

கண்ணாடித் தட்டு போய் பிலிம் வந்தபின் வேலை வேகமானது. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமையும் பிரிண்ட் பேப்பரையும் தயாரித்தது. மின்விளக்கும் பிறகு பிளாஷும் வந்ததால் துவாரத்தைக் குறுக்கினாலும் நொடிக்கணக்கில் காத்திருக்கவேண்டியதில்லை. சிரிப்பு படத்துக்குள் வந்தது. ஆனால் நேராக அடிக்கும் பிளாஷ் மொட்டுகளுக்கிடையே இருந்த நிழலைத் துடைத்துவிட்டது. கண்ணாடியில் பட்டுத் திரும்பி வெள்ளைப் பொட்டாகவும் விழுந்தது. வெளிச்சத்தைக் குடையில் திருப்பி மென்மையாக்கத் தெரிந்தவர்களின் படத்தில்தான் பூ பூவாக இருந்தது. 1980களில் கலர் பிலிம் பரவியபோது கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் தம் நிறத்திலேயே தெரிந்தன. டச்சிங் பென்சில் ஓரங்கட்டப்பட்டது. கலர் நெகட்டிவ் கழுவ லேபுக்குப் போய்விட்டதால், எடுத்தவரின் கைக்கும் படத்துக்கும் இருந்த தொடர்பும் குறைந்தது.

ஃபோகஸைச் சேர்க்கும் முறை கணினியோடு வந்தது. ஒரே பொருளைப் பல ஃபோகஸில் எடுத்த படங்களிலிருந்து கூர்மையான புள்ளிகளைத் தேர்ந்து ஒன்றாக்கும் கணக்கு 1980களின் தொடக்கத்தில் ஒளியியல் ஆய்விதழ்களில் இடம்பெற்றது. அப்போது அது நுண்ணோக்கிக்காரர்களின் தேவை. 2008இல் போட்டோஷாப் சிஎஸ்4 அந்த வசதியைப் பொதுவான மென்பொருளுக்குள் கொண்டுவந்தது. ஹீலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்றவை இதற்கென்றே எழுதப்பட்டவை. 2015இல் ஒலிம்பஸ் தன் ஓஎம்-டி கேமராவுக்குள்ளேயே படங்களைச் சேர்க்கும் வசதியைத் தந்தது. 2017இல் வந்த நிக்கான் டி850 ஃபோகஸைத் தானே படிப்படியாக நகர்த்திப் பல படங்களை எடுத்துக்கொடுத்தது. சேர்ப்பதைக் கணினியில் செய்யவேண்டும்.

மல்லிகையை வைத்துப் பார்த்தால் இந்த முறையின் தேவை விளங்கும். விரிந்த பூ ஒன்றை 35 மி.மீ. பிலிம் அளவுள்ள சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழச்செய்தால், எஃப் 8இல் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். பூவின் ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் ஒன்றையொன்று சற்றுத் தழுவும்படி இருபது படமாவது வேண்டும். துவாரத்தை எஃப் 22க்குக் குறுக்கி ஒரே படமாக எடுக்கலாமே என்றால், அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி ஓரங்களில் சிதறி, படம் முழுக்கவே கூர்மை இழக்கும். பெரிய தட்டில் எடுத்த பழைய ஸ்டூடியோக்காரரை இந்தச் சிதறல் பெரிதாகப் பாதிக்கவில்லை. சிறிய சென்சாரில் எடுத்துப் பெரிதாக்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது.

தோட்டத்தில் காற்று இருக்கும்வரை ஸ்டாக்கிங் கைகூடாது. படத்துக்குப் படம் பூ நகர்ந்திருக்கும். அதனால்தான் இந்த முறை பூவை மறுபடி ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தது. மின்விசிறியை நிறுத்தி, காம்பில் ஈரப்பஞ்சு சுற்றி, ட்ரைபாடில் கேமராவைப் பூட்டி எடுக்கவேண்டும். மாலையில் எடுத்தால் மல்லிகை, எடுத்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து கணக்கைக் கலைத்துவிடும். சடை தைத்தவர்களுக்கு இருந்த அதே கெடு இங்கும் இருக்கிறது. வெள்ளை இதழைக் கருப்புப் பின்னணியில் எடுக்கும்போது இன்னொரு தொல்லையும் வரும். ஃபோகஸ் விலகிய படங்களில் இதழ் உப்பிப் பெரிதாகத் தெரிவதால், சேர்த்த படத்தில் இதழோரம் ஒரு புகைவளையம் நிற்கும். அதைக் கையால்தான் நீக்கவேண்டும். பென்சில் போய் மவுஸ் வந்தாலும் டச்சிங் போகவில்லை.

முழுச் சடையை எடுக்க இத்தனை படம் தேவையில்லை. ஓரடி நீளத்துக்குச் சடை படத்தை நிறைக்கும்படி எடுத்தால் எஃப் 8இல் மூன்று, நான்கு சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். தலையின் வளைவையும் சேர்த்து மூன்று படம் போதும். கண்ணாடிப் படத்துக்கு இரண்டே படம்: முகத்துக்கு ஒன்று, சடையின் பிம்பத்துக்கு ஒன்று. இரண்டும் படத்தில் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் சேர்ப்பதும் எளிது. ஆறடிக்கும் பத்தடிக்கும் நடுவே தேய்த்த கண்ணாடியில் சமரசம் தேடியவரின் வேலை, இரண்டு கிளிக்கில் சமரசமே இல்லாமல் முடிந்துவிடுகிறது. அது முன்னேற்றம்தான், தயங்காமல் சொல்லலாம். அதே சமயம், ஒரே தட்டில், ஒரே திறப்பில், உயிருள்ள ஒரு சிறுமியை வைத்துக்கொண்டு அதைச் சாதித்தவர்களின் கைத்திறன் இன்னும் உரிய அளவு மதிக்கப்படவில்லை.

மதிப்பதற்குச் சான்றுகள் வேண்டும். அவை வேகமாக அழிகின்றன. ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவைச் சுரண்டிச் சட்டத்துக்குக் கண்ணாடியாக விற்றார்கள். பிலிமை வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியில், 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்முறையில் பதியும் பணி நடந்திருக்கிறது. அரும்பணி அது. ஆனாலும் பூச்சடைப் படங்களில் பெரும்பகுதி நிறுவனங்களிடம் இல்லை, வீட்டுச் சுவர்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும்தான் இருக்கிறது.

அப்படி ஒரு படம் வீட்டில் இருந்தால், ஒட்டும் தாள் வைத்த ஆல்பத்திலிருந்து அதை வெளியே எடுத்துவிடுவது நல்லது. அந்தப் பசை பிரிண்டைத் தின்றுவிடும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்துகொள்ளலாம். பின்புறம் மென்மையான பென்சிலால், படத்தில் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு, ஸ்டூடியோவின் பெயர், சடை தைத்தவர் யார், தைத்த பூக்கள் என்னென்ன என்பதையெல்லாம் எழுதிவைக்கவேண்டும். சொல்லத் தெரிந்த பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.